ஆரஞ்சு சேர்க்காத ஆரஞ்சு மணம்: ஒரு பேல் ஏல் செய்முறையின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பழகுகிறவர்கள் தேடும் செய்முறைகளில் ஒன்று உண்டு. பியர் வெளிறிய பொன்னிறத்தில் இருக்க வேண்டும். கசப்பு இருக்க வேண்டும், ஆனால் நாக்கில் தங்கி உறுத்தக் கூடாது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலை உரித்தது போலவோ பம்பளிமாஸ் சுளையைப் பிட்டது போலவோ மணக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிய பியருக்கு 'அமெரிக்கன் பேல் ஏல்' என்று பெயர்.

இதற்கான செய்முறைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலானவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருக்கின்றன: வெளிறிய மால்ட், கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட், காஸ்கேட் என்ற ஹாப்ஸ், அதிக வாசனை தராத ஓர் ஈஸ்ட். ஆரஞ்சோ எலுமிச்சையோ ஒரு துண்டுகூடச் சேர்ப்பதில்லை.

இந்த ஒற்றுமையை எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. ஒரு சட்டத்தில் விடுபட்டுப்போன சலுகை, பதினாறு ஆண்டுகள் காத்திருந்த ஒரு கொடி, தடையை மீறி அடுப்படியில் காய்ச்சிய சில மனிதர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்தச் செய்முறையை உருவாக்கின. பொதுவாக ஆலையில் பிறக்கும் பொருளை வீட்டில் நகல் எடுப்பார்கள். இங்கே நடந்தது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

பியர் என்பது என்ன?

பியருக்கு அடிப்படைப் பொருள்கள் நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான சாறு இறங்கும். அந்தச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். இட்லி மாவு புளித்துப் பொங்குவதற்குக் காரணமும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுதான்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூங்கொத்து. பச்சை நிறத்தில் சிறிய கூம்பு போல இருக்கும். இதழ்களை விரித்தால் அடியில் மஞ்சள் தூள் தெரியும். கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. இனிப்புச் சாற்றுக்குக் கசப்பைக் கொடுத்துச் சமன் செய்வதும், பல கிருமிகள் வளராமல் தடுப்பதும் ஹாப்ஸின் வேலை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் இதன் பாதுகாக்கும் குணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1516ஆம் ஆண்டு பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட பியர் தூய்மை ஆணையில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் ஆகிய மூன்று மட்டுமே அனுமதிக்கப்பட்டன. ஈஸ்ட் என்றால் என்னவென்று அன்று தெரியாததால் அது அந்தப் பட்டியலில் இல்லை.

வெளிறிய பியர் பிறந்த இடம்

பழங்காலத்தில் மால்ட்டை விறகுத் தீயில் உலர்த்தினார்கள். புகையேறும், கருகும். எனவே பியரும் பெரும்பாலும் பழுப்பாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கோக் எனப்படும் கரியை எரிபொருளாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு சூட்டைக் கட்டுப்படுத்துவது எளிதானது. புகையும் குறைந்தது. மால்ட் வெளிறிய நிறத்தில் கிடைத்தது. அதில் காய்ச்சிய பியரே 'பேல் ஏல்'. வெளிறிய என்ற பெயர் கரும்பழுப்புப் பியர்களோடு ஒப்பிட்டு வந்தது. இன்றைய கண்ணுக்கு அது தேன் நிறமாகவோ செம்பு நிறமாகவோ தெரியும்.

இந்தப் பியருக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பியர் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் ஆகிய ஆலைகள் அந்த வணிகத்தில் போட்டிக்கு இறங்கின. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். நீண்ட கடற்பயணத்தில் கெடாமலிருக்கவே இந்த வகை கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. போர்ட்டர் எனப்படும் கறுப்புப் பியரும் அதே கப்பல்களில் ஏராளமாக வந்து சேர்ந்தது. வெப்பமான ஊரில் வெளிறிய, கசப்பான பியரை விரும்பிக் குடித்தார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இந்தக் காலத்திலிருந்து இரண்டு பாடங்கள் இன்றைய செய்முறை வரை வந்திருக்கின்றன. பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். ஜிப்சத்தில் உள்ள சல்பேட் ஹாப்ஸின் கசப்பை எடுப்பாகக் காட்டும். இது முதலாவது. கப்பலுக்குப் போகும் பீப்பாய்களில் ஆறிய பியருக்குள்ளேயே காய்ந்த ஹாப்ஸைப் போட்டு மூடும் வழக்கம் இருந்தது. இது இரண்டாவது. ஆனால் அந்த ஆங்கிலேய ஹாப்ஸ்களில் ஆரஞ்சு மணம் கிடையாது. மண்ணும் புல்லும் மூலிகையும் கலந்த மணமே இருந்தது. பேல் ஏல் ஆரஞ்சாக மணக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டு அடுப்புக்கு வந்த தடை

பியர் முதலில் வீட்டுப் பண்டம். ரொட்டி சுடுவது போலவே பியர் காய்ச்சுவதும் ஐரோப்பியக் குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களின் கையில் இருந்த வேலை. ஆலைகள் பெருகியதும் அரசுக்கு அது வரி வருமானமாயிற்று. பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் காய்ச்சுவோருக்கும் உரிமம் தேவை என்றாக்கியது. அந்த விதி 83 ஆண்டுகள் நீடித்தது. 1963ஆம் ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தமது வரவு செலவுத் திட்டத்தில் அதை நீக்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடைகளில் மால்ட் பாகும் ஹாப்ஸும் வீட்டு உபயோகத்துக்கு விற்பனைக்கு வந்தன.

அமெரிக்காவின் கதை கடுமையானது. 1920ஆம் ஆண்டு ஜனவரி 17 முதல் நாடு முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் கடைகளில் மால்ட் பாகு டப்பாக்கள் தாராளமாகக் கிடைத்தன. ரொட்டி செய்வதற்கென்று பெயர். சில டப்பாக்களில் ஹாப்ஸ் சுவையும் சேர்த்தே இருந்தது. ரொட்டிக்கு ஹாப்ஸ் எதற்கு என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அந்தப் பாகோடு நிறையச் சர்க்கரையும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் சேர்த்து அடித்தளத்து அறைகளில் காய்ச்சினார்கள். புளிப்பேறிய, கலங்கிய பியர் கிடைத்தது. சில வேளை இரவில் பாட்டில்கள் வெடித்தன. 'வீட்டுப் பியர்' என்றால் மட்டமான சரக்கு என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. வீட்டில் ஒயின் தயாரித்துக்கொள்ளச் சலுகை கிடைத்தது. பியருக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. இந்த விடுபடல் காரணமாக, வீட்டில் திராட்சையைப் புளிக்கவைத்தவர் சட்டத்துக்கு உட்பட்டவராகவும் பார்லியைப் புளிக்கவைத்தவர் குற்றவாளியாகவும் 45 ஆண்டுகள் இருந்தார்கள்.

யாரையும் தேடிப்பிடித்துச் சிறையில் அடைக்கவில்லை என்றாலும் இந்தத் தடையால் வேறொரு நஷ்டம் ஏற்பட்டது. சட்டவிரோதமான ஒன்றைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதுவது, சங்கம் அமைப்பது, போட்டி நடத்துவது எல்லாம் கடினம். ஒருவர் செய்த தவறு இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் அதே தவறை மறுபடி செய்தார்கள். மறுபுறம் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கின. மதுவிலக்குக்கு முன் ஆயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை 1970களின் இறுதியில் நூறுக்கும் கீழே போனது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒரே வகையான மெல்லிய லாகர் பியரையே தயாரித்தன. காய்ச்சும் அறிவு வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை என்ற நிலை வந்தது.

தந்தை பெயர் தெரியாத கொடி

இதே காலத்தில், இந்தச் சட்டச் சிக்கலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஓரிகன் மாநிலம் கோர்வாலிஸ் நகரில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஹாப்ஸ் இனப்பெருக்க ஆய்வு நடத்திவந்தது. அமெரிக்க விவசாயிகள் அப்போது அதிகம் பயிரிட்டது கிளஸ்டர் என்ற கசப்பு ரகம். நல்ல மணமுள்ள ஹாப்ஸை ஆலைகள் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்தன. ஐரோப்பிய ரகங்களை அமெரிக்க மண்ணில் நட்டால் அடிச்சாம்பல் நோய் தாக்கியது. நோயையும் தாங்க வேண்டும், மணமும் இருக்க வேண்டும் என்பதே ஆய்வின் நோக்கம்.

1956ஆம் ஆண்டு ஒரு தாய்க் கொடியிலிருந்து விதைகள் சேகரிக்கப்பட்டன. அந்தத் தாயின் பரம்பரையில் இங்கிலாந்தின் ஃபக்கிள் ரகமும் ரஷ்யாவின் செரிப்ரியாங்கா ரகமும் இருந்தன. ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டுவருகிறது. இந்த விதைகளுக்குத் தந்தை எந்தக் கொடி என்று பதிவு இல்லை. அன்று அடித்த காற்றுக்குத்தான் தெரியும். அந்த விதைகளில் ஒன்றிலிருந்து வளர்ந்த செடிக்கு 56013 என்று எண் கொடுத்தார்கள்.

ஆண்டுகள் பல கடந்தும் அந்த எண்ணுக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆலைகளுக்குப் பழகிய மணம் ஜெர்மனியின் ஹாலர்டாவ் மணம். புதிய மணத்தை அவை நம்பவில்லை. பின்னர் ஜெர்மனியில் ஹாலர்டாவ் ரகத்தை வாடல் நோய் தாக்கி விலை ஏறியபோதுதான் நிலைமை மாறியது. கொலராடோவின் கூர்ஸ் நிறுவனம் உள்நாட்டு மாற்றைத் தேடியது. அல்ஃபிரட் ஹவுனால்ட் முதலிய ஆய்வாளர்கள் காப்பாற்றி வைத்திருந்த 56013, விதை சேகரித்துப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1972ஆம் ஆண்டு காஸ்கேட் என்ற பெயரில் வெளியிடப்பட்டது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வழியே செல்லும் மலைத்தொடரின் பெயர் அது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. காஸ்கேட் வெளியிடப்பட்டது ஹாலர்டாவைப் போல அடக்கமாக மணப்பதற்காக. ஆனால் அதைத் தாராளமாகப் போட்டால் பம்பளிமாஸும் பூவும் கலந்த மணம் எழுந்தது. மெல்லிய லாகர் செய்யும் பெரிய ஆலைக்கு அது குறை. வேறு சிலருக்கு அதுதான் அவர்கள் தேடிக்கொண்டிருந்த பொருள்.

மூன்று மனிதர்கள்

முதலாமவர் ஃபிரிட்ஸ் மேடாக். சலவை இயந்திரம் தயாரித்த குடும்பத்தின் வாரிசு. 1965ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் மூடும் நிலையிலிருந்த ஆங்கர் ஆலையை வாங்கினார். பால் ரிவியர் குதிரையேறிச் சென்ற நிகழ்வின் 200ஆம் ஆண்டையொட்டி 1975ஆம் ஆண்டு ஏப்ரலில் 'லிபர்ட்டி ஏல்' காய்ச்சினார். காஸ்கேட் ஹாப்ஸை, பழைய ஆங்கிலேய வழக்கப்படி ஆறிய பியரிலும் ஊறப்போட்டார். ஆங்கிலேய முறையும் அமெரிக்க மணமும் அந்தப் பியரில் சந்தித்துக்கொண்டன.

இரண்டாமவர் ஜாக் மெக்காலிஃப். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஸ்காட்லாந்தில் இருந்தவர். பிரிட்டனில் உரிமத் தடை நீங்கியிருந்த காலம் அது. ஏல் வகைகளைச் சுவைத்து, காய்ச்சவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிறு ஆலையைத் தொடங்கினார். கருவிகள் பலவற்றைத் தாமே வெல்டிங் செய்தார். முதலீடு போதாமல் 1982ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் வந்து பார்த்துவிட்டார்கள்.

வந்து பார்த்தவர்களில் ஒருவர் மூன்றாமவரான கென் கிராஸ்மன். இளவயதிலேயே வீட்டில் காய்ச்சிப் பழகியவர். 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டில் பியர், ஒயின் தயாரிப்போருக்கான கடை வைத்தார். பெரிய ஆலைகளுக்குப் போகும் ஹாப்ஸ் சிறு கடைக்காரருக்குக் கிடைக்காத காலம். ஹாப்ஸ் தோட்டங்கள் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்குக்கு நேரில் சென்று, ஆலைகளுக்குக் காட்டும் மாதிரிக் கட்டிகளை வாங்கிவந்து விற்றார். பிறகு பால் கமூசியுடன் சேர்ந்து சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். பழைய பால்பண்ணைக் கருவிகளை வாங்கி ஆலைக்கு ஏற்ப மாற்றினார்கள்.

1980ஆம் ஆண்டு நவம்பரில் காய்ச்சத் தொடங்கினார்கள். பேல் ஏல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவில்லை. கையில் பணம் இல்லாத நிலையிலும், திருப்தி தராத தொகுதிகளை விற்காமல் கொட்டினார்கள். இறுதியில் நிலைபெற்ற சியரா நெவாடா பேல் ஏல் 5.6 சதவீத மதுவும் 38 கசப்பு அலகும் கொண்டது. அதன் மணம் காஸ்கேட்டின் மணம். அமெரிக்கன் பேல் ஏல் என்று சொன்னதும் நினைவுக்கு வரும் முன்மாதிரி அதுவே. வீட்டுக் காய்ச்சலுக்குப் பொருள் விற்ற கடையிலிருந்து அது வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கதவு திறந்தது

1970களில் தடை இருந்தபோதே அதில் விரிசல் விழத் தொடங்கியிருந்தது. போர்ட்லண்டின் ஃபிரெட் எக்கார்ட் லாகர் காய்ச்சுவது பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். 1974ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்' என்ற காய்ச்சுவோர் சங்கம் தொடங்கியது. கொலராடோவின் போல்டர் நகரில் பள்ளி ஆசிரியர் சார்லி பாப்பாசியன் வீட்டில் பியர் காய்ச்ச வகுப்பெடுத்தார்.

கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தம் வரிச் சட்டமொன்றோடு இணைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் வீட்டில் பியர் காய்ச்சுவது மத்தியச் சட்டப்படி குற்றமல்ல என்றானது. ஆண்டுக்கு ஒருவருக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் (சுமார் 757 லிட்டர்). விற்கக் கூடாது. மாநிலங்கள் தத்தம் சட்டத்தை மாற்ற மேலும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. கடைசியாக மாறிய அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ஆம் ஆண்டுதான் இணங்கின.

கார்ட்டர் கையெழுத்திட்ட இரண்டாவது மாதமே பாப்பாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டுக் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கி 'சைமர்ஜி' என்ற இதழை வெளியிட்டார்கள். 1984ஆம் ஆண்டு பாப்பாசியனின் புத்தகம் வந்தது. 1985ஆம் ஆண்டு பியர் நடுவர்களுக்கான தேர்வுமுறை ஏற்பட்டது. செய்முறைகள் அச்சில் வந்தன, மற்றவர்கள் அதைச் செய்து பார்த்தார்கள், போட்டியில் நடுவர்கள் குறை சொன்னார்கள், அடுத்த முறை திருத்தினார்கள். 45 ஆண்டுகள் நடக்காதது இதுதான். பலரின் தவறுகள் பொதுச் சொத்தானபோது செய்முறைகள் வேகமாகத் தேறின. கையில் எளிதாகக் கிடைத்த நல்ல மணமுள்ள உள்நாட்டு ஹாப்ஸ் காஸ்கேட். ஆகவே அந்தச் செய்முறைகளில் அது நிலைத்துவிட்டது.

மணம் எங்கிருந்து வருகிறது?

ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலங்கள் என்ற பிசின் உண்டு. கொதிக்கும்போதுதான் அவை வடிவம் மாறிக் கசப்பாகக் கரைகின்றன. எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவு கசப்பு. மணம் தருபவை எண்ணெய்கள். அவை கொதியில் ஆவியாகிப் பறந்துவிடும். எனவே ஒரே ஹாப்ஸை முதலில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். ரசத்தில் மல்லித்தழையை இறக்கும்போது தூவுவதன் காரணமும் இதுவே.

அந்த எண்ணெய்களில் இருக்கும் பொருள்கள் சமையலறைக்குப் புதியவை அல்ல. லினலூல் கொத்தமல்லி விதையின் முக்கிய மணம். ஜெரானியோல் ரோஜாவிலும் பாமரோசா புல்லிலும் உள்ளது. ஈஸ்ட் நொதிக்கும்போது ஜெரானியோலில் ஒரு பகுதியைச் சிட்ரோனெலோலாக மாற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவை கலந்து வரும்போது மூக்கு அதை ஆரஞ்சு என்றும் பம்பளிமாஸ் என்றும் வாசிக்கிறது. பழம் சேராமல் பழ மணம் வரும் ரகசியம் இதுதான்.

செய்முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்த வரலாறு தெரிந்தால் நூறு செய்முறைகளில் ஒன்றைத் தேர்வது எளிது. முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு ஹாப்ஸ் என்பதை அல்ல, எப்போது என்பதை. ஐந்து கேலன் (19 லிட்டர்) அளவுக்கு வழக்கமான ஓர் உதாரணம் இது. வெளிறிய மால்ட் நாலரை கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். தானியத்தை ஊறவைத்துச் சாறு இறக்க வசதியில்லாதவர் வெளிறிய மால்ட்டுக்குப் பதிலாகச் சுமார் 3.2 கிலோ மால்ட் பாகு கரைக்கலாம். ஹாப்ஸ் 5.5 சதவீத ஆல்ஃபா அமிலமுள்ள காஸ்கேட் 96 கிராம்.

அந்த 96 கிராமையும் தொடக்கத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கணக்குப்படி கசப்பு 60 அலகைத் தாண்டும். ஆரஞ்சு மணம் ஏறக்குறைய இருக்காது. அதையே 60 நிமிடக் கொதிக்கு 20 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கும்போது 20 கிராம், 5 நிமிடம் இருக்கும்போது 28 கிராம், அடுப்பை அணைத்ததும் 28 கிராம் என்று பிரித்தால் கசப்பு 25 முதல் 30 அலகுக்குள் நிற்கும், மணமும் தங்கும். பொருள் ஒன்று, எடை ஒன்று, பியர் மட்டும் இரண்டு. (ஒரு அலகு என்பது தோராயமாக ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள்.) நடுவர் கையேட்டில் அமெரிக்கன் பேல் ஏலுக்குக் கொடுக்கப்பட்டுள்ள எல்லை 30 முதல் 50 வரை. மென்கசப்பு விரும்புகிறவருக்கு அதன் கீழ் விளிம்பு போதும்.

நொதித்து முடிந்தபின் மேலும் 28 கிராமை மூன்று முதல் ஐந்து நாள் ஊறப்போடுவது லண்டன் பீப்பாய்களின் பழைய வழக்கம். கசப்பை மென்மையாக வைக்க விரும்புவோர் பர்ட்டன் பாணியில் ஜிப்சத்தை அள்ளிப் போடக் கூடாது. ஈஸ்ட் வகையில், சிக்கோ வழி வந்ததாகக் கருதப்படும் தூய ஏல் ஈஸ்ட்டே பாதுகாப்பு. 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் அது ஹாப்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காஸ்கேட் சேமிப்பில் விரைவில் வீரியம் இழக்கும் ரகம். பொட்டலத்தைத் திறந்ததும் பழைய பாலாடைக்கட்டி வாடை வந்தால் எந்தச் செய்முறையும் அந்தப் பியரைக் காப்பாற்றாது. காற்றுப்புகாத உறையில் உறைநிலையில் வைத்ததை வாங்குவதே நல்லது. 1990ஆம் ஆண்டு வெளியான சென்டெனியல், 2000களில் வந்த சிட்ரா போன்ற ரகங்களும் ஆரஞ்சு மணம் தருபவை. அவற்றில் ஆல்ஃபா அமிலம் காஸ்கேட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு. செய்முறையில் காஸ்கேட்டுக்குப் பதில் அதே எடையில் இவற்றைப் போட்டால் மென்கசப்பு என்பது பேச்சளவில்தான் இருக்கும்.

முடிவுரை

நியூ ஆல்பியன் ஆறே ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆங்கர் ஆலை 2023ஆம் ஆண்டு மூடப்பட்டு, அடுத்த ஆண்டு வேறு கைக்கு மாறியது. ஆலைகள் வரும், போகும். செய்முறை மட்டும் நிலைத்திருக்கிறது. காரணம், அது எவருடைய பூட்டிய பெட்டியிலும் இல்லை. காஸ்கேட் கொடியை உருவாக்கியது அரசின் பொது ஆய்வுக்கூடம். அதை எப்போது போட வேண்டும் என்பதைக் கண்டறிந்ததில் சிறு ஆலைகளுக்கும் வீட்டு அடுப்புகளுக்கும் பங்கு உண்டு. நூறுக்கும் கீழே சுருங்கிய அமெரிக்க ஆலைகளின் எண்ணிக்கை 2020களில் 9000ஐத் தாண்டியது. அவற்றைத் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் முதலில் வீட்டில் ஒரு பானையில் காய்ச்சியவர்கள்.

ஒரு கைத்தொழிலை வீட்டிலிருந்து துரத்தினால் அதன் அறிவும் மெல்ல ஊரைவிட்டுப் போகும். கதவைத் திறந்தால் அது திரும்பி வரும், வரும்போது பழைய உருவத்தில் வர வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் பிறந்த பேல் ஏல் அமெரிக்க அடுப்படிக்குப் போய் ஆரஞ்சாக மணக்கத் தொடங்கியது அப்படித்தான்.